நாலு நிமிஷத்து அக்கா

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, பேசி முடித்த களைப்பில் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, பொங்கல் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து பின்னால் உட்கார்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ‘இரட்டைக் குழந்தைகளை வளர்க்கச் சிறந்தது இருவருக்கும் ஒரே முறையா, அவரவர் போக்குக்கு ஏற்ற தனி முறையா?’ நான் ‘அவரவர் போக்கு’ அணி. இங்கே பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, என் மகள் வீட்டில் இரண்டரை வயதில் இரட்டைப் பேத்திகள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க என் பொறுப்பு. பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டதும் ஓடி வந்தேனே, தமிழ்ப்பற்று என்று யாரும் தவறாக நினைக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காரலாம் என்றார்கள், வந்துவிட்டேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ‘ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்களுக்கு ஒரே சட்டை, ஒரே பொம்மை, ஒரே கண்டிப்பு. அதுதான் நியாயம். ஆளுக்கொரு மாதிரி நடத்தினால் பொறாமை வரும்’ என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அழகாகத்தான் பேசினார். ஆனால் ஐயா, நியாயமாக நடத்துவதும் ஒரே மாதிரி நடத்துவதும் ஒன்றா? காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனால் டாக்டர் வயதைக் கேட்டதோடு நிறுத்துவதில்லை, எடை மிஷினில் ஏற்றுகிறார். எங்கள் பெரியவள் ஒரு கிலோ கூட. அதனால் பாராசிட்டமால் சிரப் அவளுக்கு ஒரு அளவு, சின்னவளுக்கு அதைவிடக் குறைவு. அந்த டாக்டர் ஓரவஞ்சனை பார்க்கிறார் என்று யாராவது சண்டைக்குப் போவோமா?

‘இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்கிறதே’ என்பார்கள். இரட்டையரில் இரண்டு வகை. இரண்டு கருமுட்டைகள் தனித்தனியாகக் கருவுற்றுப் பிறப்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்குள் மரபணு ஒற்றுமை சாதாரண அக்கா தங்கைக்குள் இருக்கும் அளவுதான். இன்னொரு வகை, ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவானவர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த ரகம், ஜெராக்ஸ். ஆனால் இந்த ஜெராக்ஸுக்குக்கூட விரல் ரேகை வேறு வேறு. மரபணு ஒன்றாக இருந்தும், கருப்பைக்குள் யார் எந்தப் பக்கம் இருந்தார், யாருக்கு எவ்வளவு அழுத்தம் கிடைத்தது என்பதிலெல்லாம் ரேகை மாறிவிடுகிறது. வெளியே வருவதற்கு முன்பே, பத்து விரலிலும் ‘நான் வேறு, அவள் வேறு’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நாம்தான் ஒரே துணியில் இரண்டு கவுன் தைத்து மாட்டிவிட்டு, ‘இதில் யார் யாரு, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்’ என்று விருந்தாளிகளுக்குப் பரீட்சை வைக்கிறோம்.

ஜாதகத்தை நம்புகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என் சம்பந்தி ஆசைப்பட்டு இரண்டு பேருக்கும் ஜாதகம் எழுத வைத்தார். நாலு நிமிஷ வித்தியாசம். அதே நட்சத்திரம், அதே ராசி, அதே லக்னம், அதே பலன். ஜோசியர் இரண்டு நோட்டுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம். அந்த ஒரே ஜாதகக்காரர்களில் ஒருத்தி இட்லியைச் சர்க்கரை தொட்டு முழுசாக வாயில் திணிப்பாள். இன்னொருத்தி சட்னியில் இருக்கும் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டிய பிறகுதான் முதல் வாய் வாங்குவாள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை லவன், குசனை இழுத்தார். ‘ஒரே ஆசிரமம், ஒரே குரு, ஒரே பாட்டு’ என்றார். சரி, அந்தக் கதைக்குள்ளேயே இன்னும் ஒரு ஜோடி இரட்டையர் இருக்கிறார்களே, அவர்களை ஏன் அம்மா விட்டுவிட்டாய்? லட்சுமணனும் சத்ருக்கனனும் சுமித்திரை பெற்ற இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் ராமன் நிழலிலேயே வளர்ந்தான், ஒருவன் பரதனை விட்டு நகரவில்லை. எதிரணிச் சட்டப்படி பார்த்தால், லட்சுமணன் காட்டுக்குக் கிளம்பிய அன்று சுமித்திரை கேகய நாட்டுக்கு ஆள் அனுப்பி, ‘சத்ருக்கனனையும் கூட்டிவா, அவனுக்கும் ஒரு மரவுரி எடு’ என்று சொல்லியிருக்க வேண்டும்! சொன்னாளா? எந்தப் பிள்ளைக்கு யாரோடு ஒட்டும் என்பது பெற்றவளுக்குத் தெரிந்திருந்தது.

கதை வேண்டாம், ஆராய்ச்சி சொல்லு என்று நடுவர் பார்க்கிறார். 1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி ஒரு வேலையைத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, புது ஆளைக் கண்டால் முன்னே வருகிறதா பின்னே போகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது என்று ஒன்பது குணங்களைப் பார்த்தார்கள். எளிதாகப் பழகும் பிள்ளை, பிடிவாதம் மிகுந்த பிள்ளை, பழக நேரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை என்று மூன்று வகை தெரிந்தது. இதில் எந்த வகையும் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை, பிள்ளையின் சுபாவமும் பெற்றவர்கள் எதிர்பார்ப்பதும் பொருந்துகிறதா என்பதுதான் விஷயம் என்றார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது. பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

பொருத்தம் பார்ப்பது எப்படி என்று கேட்டால், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலைச் சொல்கிறேன். பெரியவளைக் குளியலறைக் கதவைத் திறந்து விட்டால் போதும், அவளாகவே வாளிக்குள் இறங்கிவிடுவாள். தலையில் தண்ணீர் விழ விழச் சிரிப்பு. சின்னவளுக்கு நான் சொம்பைத் தூக்கும்போதே இரண்டு கையும் இறுக மூடும், கழுத்து தோளுக்குள் போய்விடும், அப்புறம் ஒரு அலறல், தெரு முனை வரைக்கும் கேட்கும். ‘அவளைப் பார், எவ்வளவு சமத்தாக் குளிக்கிறா’ என்று சொல்லிக்கொண்டே ஊற்றினால் அலறல் கூடுமே தவிரக் குறையாது. என் மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சொம்பைச் சின்னவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். முதலில் கால் கட்டை விரலில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு பார்க்கிறாள். பிறகு முட்டி. பிறகு வயிறு. நிமிர்ந்து நம்மை ஒரு பார்வை. கடைசியாகத் தலையில் அவளே கவிழ்த்துக்கொள்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இதே சொம்பைப் பெரியவள் கையில் கொடுத்தால் அக்கம்பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் குளியல் நடக்கும்.

‘அம்மாவுக்கு இருப்பது இரண்டே கை, ஆளுக்கொரு முறை என்றால் தாங்குவாளா?’ என்று தங்கை கேட்டதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் தூங்க வேண்டும் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கியாக வேண்டும். சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருந்தால்தான் அடுப்படி ஓயும். நேரத்தை ஒன்றாக்குங்கள், தாராளமாக. ஆனால் பெரியவளைத் தோளில் போட்டு நடந்தால்தான் கண் சொக்கும். சின்னவளைத் தூளியில் போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். தட்டிக் கொடுத்தால் விழித்துக்கொள்வாள். எட்டரை மணி இருவருக்கும் பொது. தோளும் தூளியும் பொது இல்லை. இரண்டையும் தோளில் போட்டுப் பார்த்த ராத்திரிகளில் பதினொன்று வரைக்கும் வீடே விழித்திருக்கும். எது அம்மாவுக்கு மிச்சம், நீங்களே சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே, ஒரே முறை என்று வாதாடுகிறவர்கள் ஒரு இடத்தில் மட்டும் சத்தமில்லாமல் கட்சி மாறிவிடுகிறார்கள். பொம்மைக்குச் சண்டை வந்தால் போதும், ‘நீதானே அக்கா, தங்கச்சிக்கு விட்டுக்கொடு’ என்பார்கள். ஐயா, அவள் நாலு நிமிஷத்து அக்கா! ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கையில் எந்தக் கால் முதலில் அகப்பட்டதோ அந்தப் பிள்ளை அக்கா. அதற்காக ஆயுசு முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டுமா? நைஜீரியாவின் யொரூபா மக்களைப் பாருங்கள். உலகத்திலேயே இரட்டைப் பிறப்பு மிக அதிகமாக இருக்கும் மக்களில் அவர்களும் உண்டு. அவர்கள் வழக்கத்தில் முதலில் வருவது தாய்வோ, அடுத்து வருவது கெஹிண்டே. மூத்தது யார் தெரியுமா? பின்னால் வந்த கெஹிண்டே! ‘வெளியே உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்து வா’ என்று இளையதை முன்னால் அனுப்பிவிட்டுப் பெரிய மனுஷத்தனமாகப் பின்னால் வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, எங்கள் பெரியவள் அந்த ஊரில் பிறந்திருந்தால் பொம்மை அவளுக்குத்தான் கிடைத்திருக்கும்.

இந்த வயதில் இன்னொரு கொடுமை, ஒருத்தியை அளவுகோலாக வைத்து மற்றவளை அளப்பது. சின்னவள் ஒண்ணுக்கு வந்தால் சொல்லப் பழகிவிட்டாள். பெரியவளுக்கு விளையாட்டுதான் முக்கியம், சொல்ல நேரமில்லை, நின்ற இடத்திலேயே காரியம் முடிந்துவிடும். ஒற்றைக் குழந்தையாக இருந்தால் ‘இப்போதுதானே இரண்டரை வயசு’ என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இரட்டை என்பதால், ‘அவ சொல்றா, இவ ஏன் சொல்லமாட்டேங்கிறா?’ என்று கேட்கிறார்கள், அதுவும் அந்தப் பிள்ளை காதுபடவே. இந்தப் பக்கம், யாராவது வீட்டுக்கு வந்தால் பெரியவள் மடியில் ஏறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள், சின்னவள் முந்தானைக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்பாள். ‘இது பேசாதா?’ என்று கேள்வி வரும். பேசும் அய்யா. நீங்கள் காபி குடித்து முடிக்கும்போது உங்கள் செருப்புப் பக்கத்தில் ஒரு மரப்பாச்சியைக் கொண்டுவந்து வைப்பாள். அதுதான் அவள் வணக்கம்.

ஒரு நிமிடம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன். ஈரானில் 1974-இல் லதான், லாலே என்று இரண்டு பெண்கள் தலை ஒட்டிப் பிறந்தார்கள். ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழ வேண்டும். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாமே சேர்ந்துதான். இருவரும் சட்டம் படித்தார்கள், லதான் விருப்பப்பட்ட படிப்பு அது. லாலேவுக்குப் பத்திரிகையாளராக ஆசை. அதைவிட ஒன்றாக வளர்க்க எந்தப் பெற்றவராலும் முடியாது, இருந்தும் ஆசை இரண்டாகத்தான் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தும், பிரிந்து வாழ வேண்டும் என்று 2003-இல் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள். இருவரும் பிழைக்கவில்லை. 29 வயது.

எப்போதும் ஒன்றாகவே வைத்திருப்பதில் குழந்தைகளுக்கே ஒரு நஷ்டம் உண்டு, பேச்சில். இரட்டையர் பலர் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொள்வார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ரஷ்ய உளவியலாளர் லூரியா 1950களில் இப்படிப்பட்ட ஐந்து வயது இரட்டைச் சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஒருவருக்கொருவர் போதும் என்று இருந்ததால் மற்றவர்களோடு பேச்சே சரியாக வளரவில்லை. பாலர் பள்ளியில் இருவரையும் வேறு வேறு குழுவில் விட்டார்கள். மூன்று மாதத்துக்குள் பேச்சிலும் விளையாட்டிலும் பெரிய மாற்றம். எல்லா இரட்டையரையும் பிரித்து உட்கார வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சின்னவளை இப்போது பிரித்தால் தாங்கமாட்டாள். ஆனால் பெரியவளை மட்டும் காய்கறிக் கடைக்குக் கூட்டிப் போகும் நாளில், வீட்டில் இருக்கும் சின்னவள் வாயிலிருந்து வருகிற பேச்சு இருக்கிறதே, ஒருத்தி முந்திக்கொண்டு பதில் சொல்லாவிட்டால் இவ்வளவு பேசுவாளா என்று எனக்கே ஆச்சரியம்.

எங்கள் அணி ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அவரவர் போக்கு’ என்று சொல்லிக்கொண்டே ‘இவள் வாலு, அவள் சமத்து’ என்று பட்டம் கட்டிவிட்டால் அதுவும் தப்புதான். அந்த நியூயார்க் ஆராய்ச்சியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேலான குழந்தைகள் எந்த வகையிலும் சேரவில்லை. எங்கள் ‘சமத்து’ போன மாதம் கட்டில் மேல் ஏறி, அங்கிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து, அலமாரி மேல் இருந்த முறுக்கு டப்பாவை எடுத்தாள். ‘வாலு’ கீழே நின்றுகொண்டு பயத்தில் அழுதாள்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. நேற்றுச் சாயங்காலம் நடந்தது. பெரியவள் சின்னவளின் கையைக் கடித்துவிட்டாள், பல் பதிந்துவிட்டது. சின்னவள் வீல் என்று அழுகிறாள். உங்கள் சட்டப்படி இரண்டு பேருக்கும் ஒரே முறை. அப்படியென்றால் இப்போது இரண்டு பேரையும் திட்டுவதா, இரண்டு பேரையும் தூக்கி வைத்துக்கொள்வதா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.