மூன்று கதவுக் காரில் அம்மம்மா

நடுவர் அவர்களே, எதிரே சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை முறைக்கும் எதிரணி நண்பர்களே, இந்த வெக்கையிலும் விசிறியோடு வந்து அமர்ந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

"தொலைக்காட்சியின் கார் ஒப்பீடு வழிகாட்டியா, வேடிக்கையா?" இதுதான் தலைப்பு. வேடிக்கையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தம்பி, பிபிசியின் டொப் கியர் என்ற கார் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் தனக்குக் கார் அறிவே வந்தது என்றார். ஹொட் ஹச் கார்களை ஒப்பிடும் பகுதிகளை ஏழு தரம் பார்த்தாராம். தம்பி, நானும் பார்த்தவன்தான். அதை நடத்திய கிளார்க்சனும் ஹமண்டும் மேயும் சண்டை பிடிப்பதைச் சோறு ஆறிப்போகும்வரை பார்த்தவன். நல்ல பகிடி. அதைப் பார்த்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

ஹொட் ஹச் என்றால் என்ன என்று முன்வரிசை அம்மா ஒருவர் பக்கத்தில் கேட்கிறார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற சின்னக் கார், சந்தைக்குப் போய்வருகிற கார். அதற்குள் வலுவான எஞ்சினை வைத்து ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டால் ஹொட் ஹச். 1976இல் வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது எஞ்சின் 1.6 லீற்றர், வலு 110 குதிரை. திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கலாம், ஞாயிற்றுக்கிழமை அதே காரை வளைவுகளில் விரட்டி மகிழலாம். ஒரே கார், இரண்டு சீவியம். அதுதான் அம்மா அதன் அழகே.

இந்த நிகழ்ச்சி அதில் எந்தச் சீவியத்தைச் சோதிக்கிறது? டொப் கியரின் சோதனைப் பாதை இங்கிலாந்தின் சரேயில், டன்ஸ்ஃபோல்ட் விமானத்தளத்தில் இருந்தது. 1942இல் கனடிய இராணுவத்தினர் கட்டிய தளம். அங்கே எதிரே மாடு வராது, ரியூசனுக்குப் போகும் சைக்கிள் கூட்டம் வராது. வெள்ளைத் தலைக்கவசம் போட்ட ஸ்டிக் என்றொரு ஆள், வாயே திறக்காமல் ஒரு சுற்று ஓடுவார், நேரம் பலகையில் ஏறும். எங்கள் பலாலி விமானத்தளமும் அதே உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டியதுதான். ஓடுபாதையில் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டுக் கார் வாங்குகிறேன் என்று தம்பி அங்கே போய்க் கேட்டுப் பார்க்கட்டும். ஆள் திரும்பி வந்தால் மிச்சத்தைப் பேசுவோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்டி, ரெனோ கிளியோ ஆர்எஸ், பியூஜோ 208 ஜிடிஐ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காத கார் விமர்சகர் குறைவு. மற்ற இரண்டும் 200 குதிரை, ஃபியஸ்டா 182. ஆனாலும் டொப் கியர் சஞ்சிகை அந்த ஆண்டின் சிறந்த கார் என்று ஃபியஸ்டாவுக்கே மாலை போட்டது. வலுவை மட்டும் பார்க்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளியோவை ஏன் திட்டினார்கள்? கையால் மாற்றும் கியரை எடுத்துவிட்டு ஓட்டோ கியர் வைத்தது ஒரு குற்றம். மூன்று கதவு, அதாவது பக்கத்துக்கு ஒன்றும் பின்னால் ஒன்றும், இல்லாமல் ஐந்து கதவோடு மட்டும் வந்தது இன்னொரு குற்றம்.

நடுவர் அவர்களே, ஐந்து கதவு குற்றமா! நல்லூர்த் தேருக்கு அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மூன்று கதவுக் காரில் முன்சீற்றை மடக்கி, பட்டுச்சேலையோடு, முழங்கால் வலியோடு அவரைப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். ஏறுவதற்குள் தேர் இருப்பிடம் வந்துவிடும். ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் இடது கால் கிளச்சிலேயே கிடந்து விறைத்தவனுக்கு ஓட்டோ கியர் வரம். அவர்கள் குற்றம் என்று எழுதிய பட்டியலை நான் வாங்கவேண்டிய சாமான் பட்டியலாக வாசிக்கிறேன். காரில் பிழையில்லை, பாடத்தில்தான் பிழை.

லண்டனில் இருக்கும் என் மச்சான் இப்படியொரு நிகழ்ச்சியைப் பார்த்து ஒரு ஹொட் ஹச் வாங்கினான். எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள். ஆறே மாதத்தில் முதுகுவலி. "வளைவிலே அருமையடா, வீட்டு வாசல் பள்ளத்திலேதான் உயிர் போகுது" என்றான்.

இது வேடிக்கைதான் என்பதை நிகழ்ச்சிக்காரரே மறைத்ததில்லை. 2008இல், காரை ஒழுங்காகச் சோதியுங்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, கிளார்க்சன் சாதாரண ஃபியஸ்டா ஒன்றைக் கடைத்தொகுதிக்குள் ஓட்டினார். பிறகு அதையே பிரிட்டிஷ் கடற்படை வீரர்களோடு கடற்கரையில் தரையிறக்கினார். கடலுக்குக் குறுக்கே வீதி போட்ட எங்கள் காரைநகர்த் தீவுக்குப் போக அந்த அளவுக்குத் தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற மின்சாரக் காரையும் ஓட்டினார்கள். கம்பனி 200 மைல் என்கிறது, எங்கள் பாதையில் 55 மைலில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்றார்கள். டெஸ்லா 2011இல் வழக்குப் போட்டுத் தோற்றது, மேன்முறையீடும் 2013இல் தோற்றது. நீதிபதி சொன்னதன் சாரம் இதுதான்: அந்தப் பாதையில் கார் ஓடும் விதத்தையும் பொது வீதியில் ஓடும் விதத்தையும் நியாயமான எவரும் ஒன்றென்று எடுக்கமாட்டார். நடுவர் அவர்களே, நீங்கள் இன்றைக்குச் சொல்லவேண்டிய தீர்ப்பை லண்டன் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது!

எங்கள் ஊரில் கார் எப்படிச் சோதிக்கப்பட்டது? யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின், மொறிஸ் என்ற பழைய கார்கள் கொஞ்சப் பெற்றோலில் உயிர்பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. புகை கண்ணை எரிக்கும், ஆனாலும் கலியாணத்துக்கும் போயின, பிரசவத்துக்கும் போயின. அந்தக் காலத்தைக் கண்ட கராஜ்காரர் இன்றைக்கும் மூன்றே கேள்விதான் கேட்பார்: "சாமான் எடுக்கலாமோ? எண்ணெய் எவ்வளவு குடிக்கும்? திருப்பி வித்தால் விலை போகுமோ?" 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வியின் பெறுமதி தெரியும்.

மணி அடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று. எதிரணித் தலைவர் இன்று வந்திறங்கியது வேகன் ஆர் என்ற வெள்ளைச் சின்னக் குடும்பக் கார் ஒன்றில், நான் வாசலில் நின்று பார்த்தேன். அதை எந்தப் பாதையில், எத்தனை நிமிடத்தில் ஓடவிட்டுப் பார்த்து வாங்கினார் என்று அவரிடம் கேளுங்கள். வணக்கம்.