விரலுக்குத் தகுந்த வீக்கம்

(எங்கள் ஊர் நடைப்பயிற்சியாளர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறு நிகழ்ச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவி அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இந்தக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்து தேவையில்லை என்று தெரிந்தும் அன்புக்காக வந்து உட்கார்ந்திருக்கும் உதவி ஆய்வாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி ஆலை முதலாளி அவர்களே, காலை நடை முடிந்ததும் நாம் எல்லோரும் போய் உட்காரும் டீக்கடை அண்ணாச்சி அவர்களே! நம்மில் பாதிப் பேருக்கு எடை குறையாததற்கு அவருடைய உளுந்தவடைதான் காரணம். அவரை விட்டுவிட்டு இந்த விழாவே கிடையாது. தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு போர்த்திய சங்கத்துக்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடை பீரோவில் தூங்கும். துண்டு நாளைக் காலையே குளத்துக்கரைக்கு வரும்.

குளத்துக்கரை என்றதும் தலைவி அம்மா என்னைப் பார்க்கிறார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘உடல் எடையும் மன உறுதியும்’. மன உறுதியைப் பற்றிப் பேச நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள். எடை மெஷின் பக்கத்திலேயே பாதி ஆயுள் போயிற்று. அதில் ஏறுகிறவர்கள் தன் எடையைக் கேட்டதும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: “முன்னாடி ஏறின அந்த அக்கா எவ்வளவு, சிஸ்டர்?” அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்தேன். மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, அடுத்தவர் உடம்பு. இரண்டு, அடுத்தவர் போட்டோ. மூன்று, அடுத்தவர் தட்டு.

என் ஆச்சி எதற்கெடுத்தாலும் ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பாள். கடன் வாங்கி மண்டபம் பிடிக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வாள், காலணா விற்காத கடைக்குக் கண்ணாடி போடுகிறவர்களைப் பார்த்துச் சொல்வாள். எடை குறைக்கிறவர்களைப் பார்த்து நான் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக் கதை. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள். பெரியவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, சின்னவளுக்கு முப்பது ஆகவில்லை. கொழுந்தன் கல்யாணத்துக்குள் எடை குறைத்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு, சாயங்காலம் மொட்டை மாடியில் ஒன்றாக நடை. நடுவர் யார்? மாமியார்! தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ‘பெ’ என்றும் ‘சி’ என்றும் கோடு போட்டு, எடையை எழுதி, அலமாரியில் அடுக்கி வைப்பார். பால்காரரிலிருந்து சம்பந்தி வரைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

முதல் மாதத்தில் சின்னவள் நாலரைக் கிலோ இறங்கிவிட்டாள். பெரியவள் ஒரு கிலோகூட இல்லை. மாமியார் வாய் சும்மா இருக்குமா? “ஒரே சோறு தின்னு ஒருத்தி இறங்குறா, ஒருத்தி அப்படியே நிக்கிறாளே, ராத்திரி அடுக்களையில என்ன நடக்குதோ!” பெரியவள் காதில் விழுகிற மாதிரிதான். அவள் இராச் சாப்பாட்டை நிறுத்தினாள். அப்புறம் காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். மயக்கம் வந்து, பிரஷர் பார்க்க என்னிடம் வந்தாள்.

நான் பிரஷர் பார்த்துவிட்டு, எடை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சின்னவள் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, நைட்டியோடு, மொசைக் தரையில் மெஷினை வைத்து ஏறுகிறாள். பெரியவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, துணி துவைத்து, பதினோரு மணிக்கு, காபியும் குடித்த பிறகு, முழங்கால் வரைக்கும் நனைந்த சேலையோடு ஏறுகிறாள். அதுவும் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருக்கும் பாய் மேல் மெஷினை வைத்து! மெத்தென்ற இடத்தில் வைத்தால் அந்த மெஷின் சரியாகக் காட்டாது என்று யாரும் சொல்லவில்லை. “தாலிச்சங்கிலியைக் கழற்றிப் பார்க்கட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டாள் பாவம். ஐந்து பவுன் சங்கிலி நாற்பது கிராம்தானம்மா, நீ கழற்ற வேண்டியது சங்கிலி இல்லை, அந்தக் காலண்டரை என்றேன்.

இன்னொன்றும் கேட்டேன். பிள்ளைகள் தட்டில் மீந்ததை யார் சாப்பிடுகிறார்கள்? தலையைக் குனிந்துகொண்டாள். வீணாய்ப் போகிறதே என்று அவள்தான். சின்னவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை, மீதித் தட்டும் இல்லை. ஒரே சாப்பாடு என்று மாமியார் சொன்னதில் இந்தக் கணக்கு வரவில்லை பாருங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தையல்காரம்மா வீட்டுக்கு வந்தாள். பெரியவளின் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் பிடிக்கணும், தொளதொளன்னு இருக்கு” என்றாள். காலண்டர்த் தாளில் தெரியாதது டேப்பில் தெரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யார் முகம் எப்படிப் போயிற்று என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

(கைதட்டல் அடங்கிய பிறகு தொடர்ந்தேன்.)

இது கதைதானே என்று நினைக்க வேண்டாம். கனடாவில் குளோட் புஷார் என்ற ஆராய்ச்சியாளர் குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 12 ஜோடி ஒத்த இரட்டையர்கள், எல்லோரும் இளைஞர்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்து, 100 நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். எல்லோருக்கும் கூடுதல் தீனி ஒன்றேதான். ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ! ஆனால் ஒரு வயிற்றில் பிறந்த அந்த இரட்டையர் இருவருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஏறுவதிலேயே இப்படி என்றால் இறங்குவதில் ஓரகத்திகளை எப்படி ஒன்றாக நிறுப்பது? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ஆச்சி சும்மா சொல்லவில்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஊர் என்றால் நாடு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் வரும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படத்தோடு 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஒல்லியாக இருக்கிறோம் என்று மார்தட்டுகிற அண்ணன்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றில் போய் உட்காரும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்று நமக்குத் தனியாக வரம்பு வைத்திருக்கிறார்கள். வட்டார மருத்துவ அலுவலர் தலையாட்டுகிறார், எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அப்புறம், முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும் பங்கு தண்ணீர். உடம்பு கிளைக்கோஜன் என்று ஒரு சர்க்கரைச் சேமிப்பு வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்தால் அது கரையும், தண்ணீரும் போகும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டித் தண்ணீர் தங்கும், மெஷின் ஏறிக் காட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் முதல் வாரத்தோடு உங்கள் நான்காவது வாரத்தை வைத்துப் பார்த்து அழுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது, போட்டோ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். அமெரிக்காவில் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டி நடத்தி, ஜெயித்தவர்களைக் கொண்டாடினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்து 2016-ல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பி வந்திருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியோ, இருக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. அந்த மூன்றாவது போட்டோவை யார் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்?

போட்டி என்றதும் நம் சங்கத்து விஷயத்துக்கு வந்தே ஆக வேண்டும். செயலாளர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘அதிக எடை குறைத்தவர்’ என்று வருடா வருடம் எவர்சில்வர் குடம் கொடுக்கிறீர்கள். இதுவரைக்கும் வாங்கினவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு மன உறுதி இல்லை என்றா அர்த்தம்? காலை ஐந்து மணிக்குக் குளத்துக்கரையில் யார் நடக்க முடியும்? டார்ச் அடித்துக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு ஆண்கள் போய்விடுவார்கள். மறுகால் பக்கம் ஒரு விளக்கு கிடையாது. ஆலமரத்தடியில் முந்தின இராத்திரி பாட்டில் உடைந்து கிடக்கும். வெளிச்சம் வந்து நம் பெண்கள் கிளம்புகிற ஆறரை மணிக்கு வீட்டில் குக்கர் விசில் கூப்பிடும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிமிடங்களை எந்த இருட்டில் நடப்பது? குடத்துக்கு ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓடவே இடமில்லாதபோது கிலோவை எண்ணி என்ன பயன்? அந்தக் குடப் பரிசை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தலைவி அம்மா, இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் பொறுப்புக்கு வந்து பேருந்து நிலையத்துக் கழிப்பறையைத் திறந்து வைத்தீர்கள், ஊரே வாழ்த்தியது. அதே கையால் இதையும் செய்ய வேண்டும். விளக்கு கேட்டு மனுக் கொடுத்தபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே திருப்பினார்: “நிதி இவ்வளவுதான் சிஸ்டர், விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே!” என் ஆச்சி பழமொழியை எனக்கே! பெரிய மனிதர்கள் வரும் வழிக்கு மட்டும் ஒரே இராத்திரியில் விளக்கு எரிந்ததே, அன்றைக்கு மட்டும் விரல் எப்படி வீங்கியது என்று கேட்டேன். பதில் இல்லை. 2023 நவம்பரில் அரசே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நாங்கள் எட்டுக் கிலோமீட்டர் கேட்கவில்லை. ஒரு கரை போதும். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால், நம் குளத்துக்கரையைப் பக்கத்து ஊர்க் குளத்துக்கரையோடு ஒப்பிடுங்கள். அங்கே விளக்கு எரிகிறது.

மூன்றாவது விஷயமான தட்டுக்கு நேரமில்லை, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. டீக்கடை அண்ணாச்சிக்கு நிம்மதி.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கேட்டிருப்பது இதுதான்: மதகிலிருந்து மறுகால் வரைக்கும் விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, முழங்கால் வலிக்காரர்கள் உட்கார இரண்டு மூன்று சிமெண்ட் பெஞ்ச், விடியற்காலையில் காவலர் ரோந்து ஒரு சுற்று. உதவி ஆய்வாளர் கடைசிக் கோரிக்கைக்குச் சரி என்று இப்போதே கை காட்டிவிட்டார், நன்றி ஐயா. சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில்தான் மேசை. பேனா நூலில் கட்டியிருக்கிறது, யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டாம். முதல் கையெழுத்து வட்டார மருத்துவ அலுவலர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கள். வணக்கம்.