ஆழம் தெரியாமல் காலை விடாதே

(சியாட்டில் வட்டாரப் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மருத்துவர் பெருமக்களே, காலை முதல் நின்றபடியே பந்தி பரிமாறி, இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் தொண்டர்களே, குழந்தைகளே, வணக்கம். பொன்னாடை போர்த்தவே கால் மணி நேரம் போய்விட்டது என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். அது நம் மரபு. எனக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் கழியும்!

அணையை உடைக்கும்போது மீனை எப்படிக் காப்பது? மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று வண்டல், இரண்டு காலம், மூன்று கரையில் நடும் மரம்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இங்கிருந்து மேற்கே, ஒலிம்பிக் மலையிலிருந்து இறங்கும் எல்வா ஆற்றில் காலை விட்டவர்களின் கதையைக் கேளுங்கள். கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மேலே அணை கட்டினார்கள். அடியில் கெட்டிப் பாறை வரை போகாமல் சரளை மேலேயே சுவரை நிறுத்தினார்கள். 1912 அக்டோபர் 30 அன்று என்ன ஆயிற்று? சுவர் அப்படியே நின்றது. தண்ணீர் அடிவழியாகப் பீறிட்டது! நீர்த்தேக்கம் முழுதும் கீழே பாய்ந்தது. அப்புறம் பாறை, ஃபர் மரக் கட்டு, மண் என்று கிடைத்ததையெல்லாம் அந்த ஓட்டையில் திணித்து, 1913இல் அணையை முடித்தார்கள்.

கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் சால்மன் மீனுக்கு வழி? விட்டே ஆக வேண்டும் என்று 1890 முதலே மாநிலச் சட்டம் இருந்தது. வழிக்குப் பதில் அணையடியில் மீன் குஞ்சுப் பண்ணை வைத்தால் போதும் என்று சமரசம் பேசினார்கள். அந்தப் பண்ணையையும் 1922இல் கைவிட்டார்கள். பண்ணையும் போயிற்று, வழியும் இல்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்த கிளாலம் பழங்குடி மக்களின் சால்மன் நூறாண்டு அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

மீனுக்கு வழி விட 2011இல் உடைக்கத் தொடங்கியபோது எல்வா அணைக்கும், மேலே இருந்த 64 மீட்டர் கிளைன்ஸ் கேன்யன் அணைக்கும் பின்னால் தேங்கிய வண்டல் சுமார் 2.1 கோடி கன மீட்டர். மொத்தமாகத் திறந்தால் கூழாங்கல் இடுக்கில் கிடக்கும் முட்டை மூச்சு முட்டிச் சாகும். அதனால் மேலிருந்து படிப்படியாக வெட்டினார்கள். மே–ஜூன், ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 14 வரை, நவம்பர்–டிசம்பர் ஆகிய மீன் காலங்களில் வேலையை நிறுத்தினார்கள். அப்படியும் 2012இல் சேறும் சருகும் கீழேயுள்ள நீரேற்று நிலையத்தின் சல்லடையை அடைத்துவிட்டன. மேலணை வேலை ஓராண்டு நின்றது. 2014இல்தான் முடிந்தது.

தெற்கே ஓரிகன், கலிஃபோர்னியா வழியே ஓடும் கிளாமத் ஆற்றில் இன்னொரு பாடம். 2024 பிப்ரவரியில் சுமார் 8.3 லட்சம் சினூக் சால்மன் குஞ்சுகளை, உடைக்கப்படவிருந்த அயர்ன் கேட் அணைக்கு மேலே விட்டார்கள். குஞ்சுகள் அணையின் சுரங்கக் குழாய் வழியே போயின. அழுத்தத்தில் தண்ணீருக்குள் காற்று அளவுக்கு மீறிக் கரைந்திருந்தது. சோடா பாட்டிலைத் திறந்தால் நுரைக்குமே, அதுபோல மீனின் இரத்தத்தில் குமிழி வந்தது. பெரும்பாலும் செத்தன. நாள் பார்த்தார்கள், குழாயைப் பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

குழாய் என்றதும் என் வழக்கமான பேச்சு வந்துவிட்டது, தலைவர் சிரிக்கிறார். அணை உடைப்பதை உலகமே படம் பிடிக்கிறது. சாலைக்கு அடியில் ஓடையை நெருக்கும் இரும்புக் குழாயை யார் பார்க்கிறார்கள்? வெளிவாயில் தண்ணீர் அருவிபோல் விழுந்தால் குஞ்சு மேலே ஏறாது. குறுகிய குழாயில் ஓட்டம் வேகமெடுத்து, வாயடியில் குழி தோண்டி, விழும் உயரத்தை ஆண்டுதோறும் கூட்டிவிடும். பழங்குடிகள் மீன்பிடி உரிமையைக் காக்கும் 1855 ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடினார்கள். மாநிலம் தன் குழாய்களை மாற்ற வேண்டும் என்று 2013இல் ஆணை. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 4–4 என்று பிரிந்ததால் அந்த ஆணை நிலைத்தது. ஆனால் தனியார் வழிக்கும் ஊர்த்தெருவுக்கும் அடியில் கிடப்பவை? அவற்றுக்குத்தான் நீங்கள் வேண்டும்.

புதுக்குழாய்க்குக் கணக்கு எளிது. கரை நிரம்ப ஓடும்போது ஓடையின் அகலத்தை 1.2ஆல் பெருக்கி 2 அடி கூட்டுங்கள். 10 அடி ஓடைக்கு 14 அடி. வட்டக் குழாயானால் உயரத்தில் 30 விழுக்காடாவது மண்ணில் புதைய வேண்டும். உள்ளே ஓடையின் சரளையே தரையாக இருக்கும். வேலையைக் கோடையில் நீர் குறைந்த வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேலும் கீழும் வலை கட்டி, இடையிலுள்ள மீனை அனுமதி பெற்றவர்களைக் கொண்டு பிடித்து அப்புறப்படுத்தி, பிறகுதான் மடைகட்டி ஓடையைத் தடுத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும். இறைப்பானின் வாயில் 2.4 மில்லிமீட்டருக்கு மேல் துளையில்லாத சல்லடை. இல்லையேல் குஞ்சு உறிஞ்சப்படும். கலங்கிய நீரை ஓடைக்கல்ல, புல்வெளிக்கு விடுங்கள். முடிந்ததும் மடையைச் சட்டென்று திறக்காதீர்கள். சிறுகச் சிறுக விடுங்கள்.

தலைவர் மணியடித்துவிட்டார். மரம் நடுவது நின்றுபோயிற்று, அடுத்த பொங்கலுக்கு.

வாசல் மேசையில் படிவம் இருக்கிறது. உங்கள் தெருவோடையில் மூன்றை அளந்து எழுதுங்கள்: குழாயின் அகலம், கரை நிரம்பும்போது ஓடையின் அகலம், வெளிவாயில் தண்ணீர் விழும் உயரம். நீரில் இறங்காமல் கரையிலிருந்தே அளக்கலாம். அளவு நாடா பத்து வைத்திருக்கிறோம். எடுத்துப் போகிறவர்கள் திருப்பித் தந்துவிடுங்கள், போன முறை நான்குதான் வந்தது.