ஆடு போன வழி

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பி.டி. வாத்தியார் என்றால்தான் எங்கள் பக்கம் தெரியும். அதனால் கையை இப்படி வை, முட்டியை அப்படித் தூக்கு என்று சொல்லித்தருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் மைதானத்தில் செய்து காட்ட வேண்டியது. ரேடியோவில் நான் முட்டியைத் தூக்கினால் இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்தான் சிரிப்பார். நான் பேசப்போவது ஓடுகிற பாதைகளைப் பற்றி.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம். ஒரு புறம் நாகநதி, ஒரு புறம் ஏரி, நிமிர்ந்து பார்த்தால் ஜவ்வாது மலை. ஏரிக்கரை, ஆற்று மணல், காட்டோரம் என்று மூன்று பாதைகளில் நாற்பது வருஷமாக ஓடுகிறேன். மூன்றையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். பார்ப்போம்.

முதலில் ஏரிக்கரை. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பயிற்சிக் கல்லூரி முடித்து ஊருக்கு வந்த மறுநாள், விடியற்காலையில் பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கரைமேல் ஓட ஆரம்பித்தேன். மதகுக்குப் பக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் ஆயா வந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த தொரட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா நைனா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஆயா, சும்மா ஓட்றேன்."

"சும்மா எவனாவது ஓடுவானா? மறைக்காத, சொல்லு."

நான் நிற்கவில்லை. கையில் கடிகாரம் ஓடுகிறதே! இங்கே ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கிராமத்தில் வயது வந்த ஆள் ஓடுகிறான் என்றால், பாம்பு கடித்திருக்கும், இல்லை கிணற்றில் யாரோ விழுந்திருப்பார்கள், இல்லை உயிர் போயிருக்கும். நான்காவது காரணம் கிடையாது. ஏரியைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், திண்ணையில் ஏழெட்டுப் பேர். நடுவில் எங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆயா குறுக்கு வழியில் எனக்கு முன்னாலேயே வந்து, என் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தெருவைக் கூட்டியிருக்கிறார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "எனக்கு இன்னாடா ஆச்சு?"

சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்குப் பெரிய அவமானம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆயா, வெறுங்காலில், எனக்கு முன்னால் எப்படி வந்து சேர்ந்தார்?

மறுநாள் அவரிடமே கேட்டேன். "ஆடு போற வழில வந்தேன்" என்றார். அந்த வழியில் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து இறங்கி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட இரண்டு கொல்லைகளுக்கு நடுவே வரப்பில் ஏறி, பனைமர வரிசையை ஒட்டி வளைந்து, ஊர் எல்லையில் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்கிறது. ஓர் அடி அகலம்கூட இல்லை. ஆடு சேற்றில் கால் வைக்காது, ஆளை மூச்சு வாங்கவைக்கும் ஏற்றத்தில் நேராக ஏறாது, முள் புதரைச் சுற்றிப் போகும். குளம்பு மிதித்து மிதித்து மண் இறுகி, சிமெண்டுத் தரை மாதிரியும் இல்லாமல் சேறு மாதிரியும் இல்லாமல், ஓடுகிற காலுக்கு எது வேண்டுமோ அது. அன்றைக்கிருந்து புது ஊருக்குப் போனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே ஆடு எந்த வழியாகப் போகும்?

அப்புறம், ஆயா ஆடுகளை விற்றுவிட்டார். இரண்டு மழைக்காலம்தான். வரப்புப் பக்கம் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் கைகோத்துவிட்டது. அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கு வரும். பாதி உள்ளேயே உடைந்து நின்றுவிடும். ஊக்கை நெருப்பில் காட்டி நோண்டி எடுக்கிற வைத்தியம் உங்களில் பல பேருக்குத் தெரியும். நானும் இரண்டு மாணவர்களும் கொடுவாள் எடுத்துப் போய் வெட்டினோம். வெட்டினால் போதாது, தினமும் யாராவது அந்த வழியில் போக வேண்டும். நாலு கால் போகவில்லை என்றால் ரெண்டு கால் போகட்டும் என்று நாங்கள் ஓடினோம். இன்றைக்கும் அந்தப் பாதை இருக்கிறது.

சரி, ஆற்றுக்கு வருவோம். நாகநதி வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். ஆரணிப் பக்கம் கமண்டல நதியோடு சேர்ந்து, செய்யாற்றில் விழுந்து, கடைசியில் திருமுக்கூடலில் பாலாற்றைத் தொடும். நூறு நாள் வேலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் உறை இறக்கிச் செறிவூட்டுக் கிணறுகள் தோண்டியபோது, மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மணலில் ஓடுவது பற்றி ஒரு கணக்கு. உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும். அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு. காளை விடும் திருவிழாவில் கோட்டுக்குக் கோடு விநாடி பார்ப்பார்களே, அந்தக் காளைகளுக்கு மணலில் பழக்கம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே தொபுக்கென்று மணலில் இறங்காதீர்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஈரம் இருக்கிற ஓரமாகப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். கரை சரிவாக இருந்தால், போன தடத்திலேயே திரும்பி வாருங்கள்; போகும்போது ஒரு கால் தாழ்ந்திருந்தால் வரும்போது மறு கால் தாழும், கணக்கு சரியாகிவிடும்.

மார்ச்சுக்கு மேல் இன்னொரு எச்சரிக்கை. கூழாங்கல் திட்டில் ஆட்காட்டிக் குருவி முட்டை வைக்கும். கூடு என்று எதுவும் கிடையாது. ஒரு தடவை கால் வைக்க ஒரு சாண் இருக்கும்போது கவனித்தேன். நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கம் பார்த்தபடி, கல்லோடு கல்லாக, கரும்புள்ளி போட்டு. தலைக்கு மேல் தாயும் தகப்பனும் கத்துகிற கத்தல்! ஒரு மாசம் எதிர்க்கரையில்தான் ஓடினேன்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு வந்தது நினைவிருக்கும். எங்கள் நாகநதியிலும் வெள்ளம். பெரியவர்கள் 1903 வெள்ளத்தில் வாணியம்பாடி பட்ட பாட்டைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு போனால் எனக்குத் தெரிந்த ஆறு அங்கே இல்லை. திட்டு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் புது மணல். அத்தனை வருஷம் ஓடிய பாதையை முதல் நாளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அத்தனை பேர் பட்டாளத்தில். ஆள் சேர்ப்பில் 1,600 மீட்டர் ஓட வேண்டும் என்பதால் சுற்றுப்பட்டு ஊர்ப் பையன்கள் இருட்டில் தார்ச்சாலையில் ஓடுகிறார்கள். எதிரே லாரி. தம்பிகளா, நேரம் பார்க்க வாரத்தில் ஒரு நாள் தார்ச்சாலை போதும். மற்ற நாள் கரைக்கு வாருங்கள்.

காடு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிஷம். காட்டைப் பற்றித்தான் நிறைய எழுதி வைத்திருந்தேன், போகட்டும். அமிர்திப் பக்கம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். சந்தன மலை அது. விடியற்காலையில் தோள்பையோடு காட்டிலிருந்து ஓடி வருகிறவனைப் பார்த்தால் காவலர் என்ன நினைப்பார்? என் பையைக் கொட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஒரு துண்டும் கேழ்வரகுக் கூழ் பாட்டிலும்தான். காட்டோர வண்டிப் பாதையே தாராளம். வெளிச்சம் வந்த பிறகு போங்கள், காட்டுப்பன்றி வீடு திரும்பியிருக்கும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள், நம்ம வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விரல் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு மதகடியில் இருப்போம். யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டு நாய்கள் உண்டு, குரைக்கும், கூடவே ஓடி வரும், கடிக்காது. வணக்கம்.