அசையாமல் தின்னும் வாடகை

(எங்கள் பகுதி கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இன்னொரு கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் நம் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த நூலகத்துக்குத் தன் சொந்தப் புத்தகங்களை மூட்டை மூட்டையாகக் கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்ட தம்பிகளே, மாடிப் படிப்பறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள், உங்கள் எல்லாருக்கும் வணக்கம். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கு மட்டும் இன்னொரு வணக்கம். நான் இன்று கேட்கப்போவதில் பாதி அவர்களிடம்தான்.

நம் ஊரில் இருக்கும் சின்னப் புத்தகக் கடைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்: வாடகை, தள்ளுபடி, குழந்தைகள். எங்கள் பாட்டி மாதம் பிறந்தால் ஒரு பழமொழி சொல்லுவார். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும். புத்தகக் கடை நடத்துகிற யாரிடம் பேசினாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

சென்னையில் புத்தகம் வாங்குவது என்றால் நம்மில் நிறைய பேருக்கு ஜனவரி மாதம், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். 1977-ல் தொடங்கிய புத்தகக் காட்சி, நல்ல விஷயம், நானும் வருஷா வருஷம் பை நிறைய வாங்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் மற்ற பதினோரு மாதமும் கடைக்காரருக்கு வயிறு இருக்கிறது இல்லையா? கே.கே.நகரில் டிஸ்கவரி புக் பேலஸ் இருக்கிறது, திருவான்மியூரில் பனுவல், திருவல்லிக்கேணியில் பரிசல், தேனாம்பேட்டையில் பாரதி புத்தகாலயம். லஸ் பக்கம் நடைபாதையில் ஆழ்வார் கடை, சுதந்திரத்துக்கு முன்பே வந்த கடை அது. அண்ணா சாலையில் 1844-ல் ஆரம்பித்த ஹிக்கின்பாதம்ஸைப் பேருந்திலிருந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எல்லாரும் தூக்குவீர்கள். உள்ளே போனவர்கள் என்று கேட்டால்? சரி, அதை விடுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், மாடியிலிருந்து வந்த தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். எனக்குப் பழக்கமான ஒரு கடை. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. மாடிப்படியை ஒட்டின சின்ன இடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டும். ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது ஒரு பையன் வந்தான். கையில் ஹெல்மெட், முதுகில் சாப்பாடு டெலிவரி பை. குரூப் 4 தேர்வுக்கு ஒரு தடித்த கைடு பேரைச் சொன்னான். கடைக்காரர் எடுத்து வைத்தார். பையன் ஐந்நூறு ரூபாயை நீட்டினான். அவர் வாங்கவில்லை. “தம்பி, வரப்போற பரீட்சைக்கா?” என்றார். ஆமாம் சார் என்றான். “அப்ப இது வேணாம். பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் 2018-லருந்து மாறிக்கிட்டு வருது. இது பழைய பாடத்தை வெச்சுப் போட்டது. புதுசு அடுத்த வாரம் வரும், நம்பர் குடுத்துட்டுப் போ.”

பையன் நம்பவில்லை. “என் ரூம்ல எல்லாரும் இதைத்தான் சார் படிக்கிறாங்க” என்றான். அவர் பேசவில்லை. ஆறாம் வகுப்புப் புதுப் பாடப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தார், பக்கத்தில் கைடைப் பிரித்தார், விரலை வைத்து வரி வரியாகக் காட்டினார். வெளியே பைக்கில் மாட்டியிருந்த போன் ஆர்டருக்காக அடித்துக்கொண்டே இருக்கிறது, பையன் நகரவில்லை. கடைசியில் இருபது ரூபாய்க்கு ஒரு பழைய கேள்வித்தாள் தொகுப்பு வாங்கிக்கொண்டு போனான். ஐந்நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் இருபது ரூபாய்!

அடுத்த வாரம் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். ஆர்டர் இல்லாத மதிய நேரத்தில் அலமாரி ஓரமாக நின்று சிறுகதைத் தொகுப்பு படிக்க ஆரம்பித்தான். நின்றுகொண்டே படிக்கிறானே என்று கடைக்காரர் தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு புத்தகக் கட்டு மேல் உட்கார்ந்துகொண்டார். முதல் தடவை தேர்வில் போய்விட்டது. இரண்டாவது தடவை எழுதினான். இப்போது ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். முதல் சம்பளம் வந்ததும் அந்தக் கடைக்குப் பணம் அனுப்பியிருக்கிறான். எந்தப் புத்தகம் என்று கேட்டதற்கு, “நீங்களே பார்த்து அனுப்புங்க சார், உங்களுக்குத் தெரியாதா” என்றானாம். எந்த ஆப் இதைச் செய்யும்?

அந்தக் கடை இப்போது அந்த இடத்தில் இல்லை. கட்டடக்காரர் வாடகையை ஏற்றினார், முன்பணத்தையும் ஏற்றினார், இவர் ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடிக்குப் போய்விட்டார். லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்கிற வாசகர்கள் நின்றுவிட்டார்கள். வீடு அசையாமல் தின்னும் என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

கணக்கு எளிது. 200 ரூபாய்ப் புத்தகம், பதிப்பகம் கடைக்கு 30 சதவீதம் கழிவு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 ரூபாய். நாம் பழக்கத்தில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறோம், 20 போனது. மீதி 40 ரூபாய்க்குள் வாடகை, கடைக்கான கரண்ட் பில், உதவிக்கு நிற்கிற பெண்ணின் சம்பளம், பார்சல் செலவு. வாங்கும்போது தயவுசெய்து பத்து சதவீதம் கேட்காதீர்கள். பிரான்ஸில் 1981-லேயே சட்டம் போட்டார்கள், புதுப் புத்தகத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது, பெரிய கடையானாலும் சரி, சின்னக் கடையானாலும் சரி. தள்ளுபடியைப் பற்றி இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் எனக்கு வாடகைதான் முக்கியம், அதற்கே வருகிறேன்.

மூர் மார்க்கெட் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1900-ல் திறந்தார்கள், 1985-ல் எரிந்தது. பழைய புத்தகத்துக்கு இந்த ஊரில் அதுதான் தலைவாசல். அதைக் கட்டியது யார்? நம் மாநகராட்சி! மூர் என்பவரே அன்றைக்கு மாநகராட்சித் தலைவராக இருந்தவர். மாநகராட்சி இடம் கொடுத்தது, பழைய புத்தக வியாபாரம் அங்கே தழைத்தது. பாரிஸில் நகராட்சியே லத்தீன் குவார்ட்டர் என்ற பகுதியில் கடை இடங்களை வாங்கி, புத்தகக் கடைகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு விட்டது. நாம் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளக்கூட வேண்டாம், நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது.

மாமன்ற உறுப்பினர் அம்மா, நான் கேட்பது இதுதான். மாநகராட்சிக்குச் சொந்தமான வணிக வளாகம் எதுவானாலும், இனிமேல் கட்டப்போவதானாலும், அதில் ஒரே ஒரு கடையைப் புத்தகக் கடைக்கு ஒதுக்குங்கள். ஏலத்தில் விடாதீர்கள். செல்போன் கடையோடு ஏலத்தில் போட்டி போட்டுப் புத்தகக் கடை ஜெயிக்காது. பத்து வருஷக் குத்தகை, நடுவில் ஏறாத வாடகை, தரைத்தளம். நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது, ரசீதை எடுத்துப் பாருங்கள். வாசிப்புக்கென்று வரி கட்டுகிற ஊர் இது. அந்த ஊர் வாசிப்புக்காக ஒரு கடை கேட்கிறது, பெரிய ஆசை ஒன்றும் இல்லையே? யானை தின்பதையாவது பார்த்து விரட்டலாம், அசையாமல் தின்பதை மாநகராட்சி நினைத்தால்தான் நிறுத்த முடியும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன், தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். வாசலில் நூலகர் அம்மா மேஜை மேல் ஒரு மனு வைத்திருக்கிறோம். பேர், கதவு எண், வார்டு எண், கையெழுத்து. பேரைத் தெளிவாக எழுதுங்கள், கிறுக்கலாக இருந்தால் அலுவலகத்தில் தள்ளிவிடுவார்கள். மாமன்ற உறுப்பினர் அம்மா கிளம்பும் முன்பு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம், அதனால் டீ குடிக்கப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.