கொழுந்து கிள்ளும் கைக்குத் திறன் இல்லையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கூலி ஏற்றத்தாழ்வுக்குப் பெரிதும் காரணம் தொழில்திறன் வேறுபாடே என்று எதிரணியினர் வாதிட்டார்கள். பேரம் பேச இயலாத நிலையே காரணம் என்பது எங்கள் அணியின் கட்சி.

தேயிலை ஆலையில் இயந்திரம் இயக்குபவர் பயிற்சி பெற்றவர், ஆகவே கூடுதல் சம்பளம் பெறுகிறார். கொழுந்து பறிக்க என்ன பயிற்சி வேண்டும் என்று எதிரணித் தலைவர் கேட்டார். குன்னூர் மேடையில் இந்தக் கேள்வி எழுந்தது எனக்கு வருத்தம் தருகிறது. மழையில் வழுக்கும் சரிவில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ளி, முற்றிய இலையை விலக்கி, அடுத்த சுற்றுக்குச் செடி மீண்டும் துளிர்க்கும்படி பறிப்பது, கண்ணும் விரலும் ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே கைகூடும். இலை கெட்டிருந்தால் எந்த இயந்திரத்தாலும் நல்ல தூள் எடுக்க முடியாது. அந்தத் திறனுக்குச் சான்றிதழ்தான் இல்லை. பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை என்பதும் அதற்கொரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்த என் பாட்டி, நுவரெலியாவில் இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கூடலூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவரைப் புதிய ஆள் என்று பதிந்து, புதிய ஆளுக்குரிய கூலியே கொடுத்தார்கள். கடல் கடந்ததால் அவர் விரல்கள் எதையும் மறந்துவிடவில்லை. போக்கிடம் இல்லாதவர் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலையை விட்டால் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டையும் விட வேண்டும் என்னும்போது, கூலி போதாது என்று சொல்ல யாருக்கு நா எழும்?

வடமாநிலத்தவர் வந்து கூலியைக் குறைத்தார்கள் என்றும் கூறினார்கள். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனபின் காலியான இடங்களில்தான் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். ஒப்பந்தக்காரர் வழியாக மாநிலம் விட்டு வருவோருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளியைவிட அவர்களுக்குக் குறைந்த கூலி தரலாகாது என்றது. அந்தக் கூலி முழுமையாகக் கைக்கு வந்தால், அவர்களைக் காட்டி நம் கூலியைக் குறைக்க யாராலும் முடியாது. அவர்கள் படிக்கும் மொழியில் சம்பளச் சீட்டும், நம் தொழிற்சங்கத்தில் உறுப்பினர் அட்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் கூலி சரிகிறது என்றால் எதிரணியினர் அதைத் திறனின் கணக்கில் எழுதட்டும்.