ஃபெரிட்டின் நார்மல், ஹீமோகுளோபின் 9.6: பெரியம்மாவின் ரிப்போர்ட்

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்திவிட்டால் இந்த வெயிலில் என்னால் இரண்டு நிமிடம்கூட உட்கார முடியாது.

என் கையில் இருப்பது பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுகிறேன். வயது 61, சர்க்கரை வந்து பதினாறு வருடம். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அதனால் நாலு மாதமாக இரும்பு மாத்திரை, வாரத்துக்கு மூன்று நாள் முருங்கைக்கீரை. நடுவில் நான் பேரீச்சம்பழம் வேறு வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரைக்காரருக்கு அதை வாங்கிப்போன என் புத்திசாலித்தனத்தை அப்புறம் பேசலாம். மலம் கறுத்தது, மலச்சிக்கல் வந்தது. ஹீமோகுளோபின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் டாக்டர் இல்லை, லேபில் ரத்தம் எடுக்கும் ஆள். இந்தத் தாளில் ஃபெரிட்டின் 64 என்று இருக்கிறது. பக்கத்தில் நார்மல் அளவு 13 முதல் 150 வரை. தடித்த எழுத்தில் வராத எண்ணை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். "சேமிப்பு நல்லாத்தானே இருக்கு பெரியம்மா, இரும்பு பிரச்சினை இல்லை" என்று நானே சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு.

ஒரு நாளில் நாம் சாப்பாட்டில் இருந்து உறிஞ்சும் இரும்பு வெறும் 1 முதல் 2 மில்லிகிராம்தான். புது ரத்தம் ஊற ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது? சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். வயதான அணுக்களை மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் விழுங்கி, இரும்பைப் பிரித்தெடுத்துத் திரும்ப ரத்தத்தில் விடுகின்றன. பழைய இரும்புக் கடை மாதிரிதான். கீரையை வைத்து வீட்டில் நடக்கும் சண்டையெல்லாம் அந்த ஒன்றிரண்டு மில்லிகிராமுக்காக; பெரிய வியாபாரம் இந்தக் கடையில் நடக்கிறது.

செல்லுக்குள் இருக்கும் இரும்பு வெளியே வர நமக்குத் தெரிந்து ஒரே ஒரு வாசல்தான்: ஃபெரோபோர்ட்டின். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சின்ன ஹார்மோன் அந்த வாசலில் போய் ஒட்டிக்கொள்ளும். 2004-இல் எலிசபெத்தா நெமெத்தும் டோமாஸ் கான்ஸும் அவர்களுடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தது இதைத்தான். ஹெப்சிடின் கதவைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. கதவையே செல்லுக்குள் இழுத்துச் சிதைக்க வைத்துவிடுகிறது. குடலிலும் இதே கதைதான், அதனால் மாத்திரையும் உள்ளே ஏறாது.

உடம்பு ஏன் இப்படித் தன் இரும்பைத் தானே முடக்க வேண்டும்? கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால். எங்காவது அழற்சி என்றால் ஐஎல்-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகிறது, ஹெப்சிடின் ஏறுகிறது, ரத்தத்தில் இரும்பு குறைகிறது, கிருமி பட்டினி கிடக்கிறது. நாலு நாள் காய்ச்சலுக்கு அருமையான ஏற்பாடு.

டைப் 2 சர்க்கரையில் இந்த அழற்சி நாலு நாளில் அடங்குவதில்லை. கிருமியே இல்லாவிட்டாலும் வயிற்றுக் கொழுப்பு ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைச் சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். அழற்சி என்றதும் வீங்கிச் சிவந்த இடத்தைத் தேடாதீர்கள். இது கண்ணுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு அதோடு காலில் ஆறாத புண் வேறு. செருப்புக் கடி என்று இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தார்.

இன்னொரு சிக்கல், அழற்சி இருந்தால் ஃபெரிட்டினும் தானாக ஏறிவிடும். கொழுப்புக் கல்லீரல் இருந்தாலும் ஏறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டு கோடு போட்டிருக்கிறது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு, அழற்சியோ தொற்றோ இருப்பவர்களுக்கு 70-க்குக் கீழே போனாலே குறைபாடு. இப்போது அந்த 64-ஐப் பாருங்கள்.

பெரியம்மாவைப் பார்த்த டாக்டர் முதலில் காலைத்தான் பார்த்தார். அப்புறம் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் எழுதினார். சிஆர்பி எகிறியிருந்தது. சாச்சுரேஷன் 11 சதவீதம். 20-க்குக் கீழே என்றாலே ரத்தத்தில் ஓடும் இரும்பு போதவில்லை என்று அர்த்தம். ஆக, இருப்பும் குறைவு, இருந்ததற்கும் வாசல் அடைப்பு. கிரியாட்டினின் நல்லவேளை பரவாயில்லை. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஹெப்சிடின் வெளியேறாமல் தேங்கும், ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபொயெட்டினும் குறையும்.

புண்ணுக்கு வைத்தியம் நடந்தது, இரும்பை ஊசி மூலம் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் குடல் வாசலைக் கடக்கும் வேலை இல்லை. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3. இதைப் பார்த்துவிட்டு நீங்களாக ஊசி கேட்டுப் போகாதீர்கள், யாருக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி, 8.4-இல் இருந்து 7.8-க்கு இறங்கியது. வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்க்கும் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இரும்புக் குறைபாட்டில் அந்தச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்பு கிடைத்ததும் இளம் சிவப்பணுக்கள் நிறைய வரும். அவற்றில் சர்க்கரை ஒட்ட இன்னும் நேரமே ஆகியிருக்காது, எண் இறங்கிவிடும். இதைப் பெரியம்மாவுக்கு நான் மூன்று தடவை விளக்கிவிட்டேன். அவர் பாகற்காய் ஜூஸ்தான் காரணம் என்கிறார், தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறார்.